கலப்பியை இறுதியில் தொடுக!

பழைய மகிழுந்து வைத்திருப்போரிடமும் அவற்றைச் செப்பஞ்செய்யும் பட்டறையாரிடமும் வேரூன்றிவிட்ட கெட்ட வழக்கம் ஒன்றுண்டு. வண்டி நிற்கும்போது எந்திரம் சீராக ஓடாமற் குலுங்குகின்றது என்று சொல்லி வாய்மூடுமுன்னரே, ஒருவர் திருப்புளியும் கையுமாய்க் கார்புரேட்டரின்மேற் குனிந்துவிடுவார். ஒரு திருகாணி அரைச்சுற்று உள்ளே போகும். மற்றொன்று காற்சுற்று வெளியே வரும். எந்திரம் முன்னினும் விரைந்து உறுமும். குலுக்கம் மறைந்தாற்போல் தோன்றும். "சரியாய்ப் போயிற்று ஐயா, எடுத்துக்கொண்டு போங்கள்" என்பார். உடையவரும் மகிழ்ந்து பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார். மூன்றாம் நாள், நாற்சந்தியில் விளக்குக்காக நிற்கையில், அதே எந்திரம் இருமுறை விக்கி அணைந்துபோகும். பின்னே நிற்பவர் ஊதுகுழலை அழுத்துவர்.

நடந்தது என்ன? நோய் தீரவில்லை, நோயின் வாய் பொத்தப்பட்டது. அவ்வளவே!

வண்டி நிற்க எந்திரம் மட்டும் ஓடும் ஓட்டத்தைப் பட்டறையில் ஐடிலிங் என்பர். நாம் நின்றோட்டம் என்போம். நின்றோட்டம் கெட்டால் இறுதியில் தொடவேண்டிய உறுப்பு எதுவோ, அதனையே நம்மவர் முதலில் தொடுகின்றனர். கார்புரேட்டராகிய கலப்பி, பெட்ரோலாகிய கன்னெய்யையும் காற்றையும் அளவறிந்து கலந்து தருங் கருவி. தீ மூட்டுவது அதன் வேலையன்று. உருளைக்குள் அழுத்தத்தைக் காப்பதும் அதன் வேலையன்று. பிற உறுப்புகள் செய்த குற்றத்திற்கெல்லாம் அதனையே கூண்டில் ஏற்றுவது எவ்வகையில் முறையாகும்?

தமிழாசிரியனுக்கு எந்திரத்தில் என்ன வேலை என்று நகைப்பார் நகைக்க. பழைய வண்டி ஒன்றைப் பல்லாண்டாகப் பேணி வருபவன் என்பது ஒருபுறம் இருக்கட்டும். யாப்புக் கற்பிப்பவனுக்கு ஒரு நலன் உண்டு. தளை தட்டுவதைக் கண் காணுமுன் செவி காட்டிவிடும். நான்கு உருளை கொண்ட எந்திரமும் நாற்சீரடி போன்றதே. ஒவ்வோர் உருளையிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தீப்பற்றும். நின்றோட்டம் மணித்துளிக்கு 800 சுற்று என்று கொள்வோம். உருளை ஒன்றுக்கு 400 வெடிப்பு, நான்குக்குமாக 1600. ஓர் உருளை அடியோடு செத்துவிட்டால், மணித்துளிக்கு 400 இடைவெளிகள், அஃதாவது நொடிக்கு ஆறேழு, ஒரே ஒழுங்கில் விழும். புகைக்குழாயின் வாயருகே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாலே இது புலப்படும். ஒழுங்காக விழும் இடைவெளி ஓர் உருளையின் குற்றம். ஒழுங்கின்றி அங்கும் இங்குமாய்த் தட்டுவது பெரும்பாலும் எல்லா உருளைகளுக்கும் பொதுவான ஒன்றின் குற்றம். இவ் வேறுபாட்டைச் செவியாலும் கையாலும் உணர்ந்தவன் ஆய்வில் பாதியை முடித்துவிட்டான். திருப்புளி இன்னும் பெட்டியிலேயே கிடக்கலாம்.

பொதுப்படப் பேசுவதினும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பேசுவது நலம். நம்மவர் நன்கறிந்த அம்பாசிடரையே கொள்வோம். இங்கிலாந்தின் மாரிசு ஆக்சுபோர்டு மூன்றாம் வரிசையைத் தழுவி, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் ஆக்கப்படத் தொடங்கி, 2014-ஆம் ஆண்டு மே திங்களில் ஆக்கம் நின்றுபோன வண்டி அது. அதன் பெயர்பெற்ற 1489 பருமச் செண்டிமீட்டர்க் கன்னெய் எந்திரம், பிரித்தானிய மோட்டார்க் குழுமத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. ஆக்கம் நின்றதே யொழிய வண்டிகள் நின்றுவிடவில்லை. திருமண ஊர்வலத்திலும், பழைய குடும்பங்களின் கொட்டகையிலும், பற்றினால் வைத்திருப்போர் வீட்டு வாயிலிலும் இன்றும் அவை உள்ளன. அவற்றைச் செவியால் அறிந்து செப்பஞ்செய்த முதியவர்களோ ஒவ்வொருவராய்க் கடையைச் சாத்தி வருகின்றனர். அடுத்து வருவோர் எதனைக் கற்றுக்கொண்டு வருகின்றனர் என்பதே என் கவலை.

நின்றோட்டத்தில் ஏன் எல்லாக் குறையும் வெளிப்படுகின்றது? அப்போது காற்றுவாயிலின் இதழ் ஏறத்தாழ மூடியிருக்கும். உருளைகள் இழுக்க, காற்று மிகச் சிறிய இடுக்கு வழியே நுழையும். உறிஞ்சுகுழாயினுள் இருக்கும் இழுப்பை அளவிட்டால், நல்ல எந்திரத்தில் பாதரசமானி 430 முதல் 530 மி.மீ. வரை காட்டும். உள்ளே செல்லும் காற்றே சிறிதாகலின், வேண்டாத வழியில் நுழையும் காற்று ஊசித்துளை வழியே வந்தாலும் கலவையைக் கெடுத்துவிடும். அதே துளை, வண்டி விரைந்தோடும்போது ஒரு பொருட்டே யன்று. பெருவெள்ளத்தில் ஒரு குடம் நீர் என்க. எனவே, நிற்கையிற் குலுங்கி, முடுக்கியதும் சீராகிவிடும் எந்திரத்தில் காற்றுக்கசிவை முதலில் ஐயுறுக. நிற்கையிலும் குலுங்கி, மேட்டில் ஏறும்போதும் திணறும் எந்திரத்தில் தீப்பொறியையோ அழுத்தத்தையோ ஐயுறுக. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் திருகாணியைத் திருகுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதாகும்.

முதலில் குற்றமுள்ள உருளை எது என்று காண்க. எந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், நன்கு உறையிட்ட குறட்டினால், தீப்பொறிச்செருகியாகிய பிளக்கின் கம்பியை ஒவ்வொன்றாய்க் கழற்றி மீண்டும் மாட்டுக. நல்ல உருளையின் கம்பியைக் கழற்றினால் எந்திரம் இன்னும் தள்ளாடும். கழற்றியும் ஓட்டம் மாறாத உருளையே செத்த உருளை. வெறுங்கையால் இதனைச் செய்யலாகாது. நெஞ்சினுள் மின்கருவி பொருத்திக்கொண்டவர் அப்பக்கமே வரலாகாது. மின்னணு முறையில் தீமூட்டும் பிற்கால வண்டிகளில் கம்பியை இவ்வாறு திறந்துவிடுவது கருவியையே கெடுத்துவிடும். அங்கு இம்முறை வேண்டா.

அடுத்தது தீப்பொறி. பாயிண்ட்டு என வழங்கும் தொடுமுனைகள் கருகியிருக்கின்றனவா என்று மூடியைத் திறந்து பாருங்கள். அவற்றின் இடைவெளி இவ் வண்டியில் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல் வேண்டும். செருகியின் இடைவெளி 0.6 மி.மீ.க்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய அளவுகளைக் கண்ணால் மதிப்பவர் உளர்! இடைவெளித் தகட்டின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டி விலையினும் பெரிதன்று. அஃதில்லாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள். தொடுமுனைகள் அடிக்கடி நீலம்பாய்ந்து கருகுமாயின் கண்டன்சரை மாற்றுக. தீப்பொறியை நான்கு உருளைக்கும் பங்கிட்டுத் தரும் கிண்ணத்தினுள் மயிரிழைபோற் கறுப்புக்கோடு ஓடியிருந்தால், மின்னாற்றல் அவ்வழியே திருட்டுப்போகின்றது என்று பொருள். மழைநாளில் மட்டும் குலுங்கும் வண்டிக்குப் பெரும்பாலும் இதுவே கரணியம். கிண்ணத்தின் நடுத்தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அது தளர்ந்து ஆடினால், ஒருபுறம் சரியாக வைத்த இடைவெளி மறுபுறம் மாறிவிடும். நான்கு உருளைக்கும் நான்கு வகையான நேரத்தில் தீப்பற்றும். இக்குறையைத் தீர்க்கும் திருகாணி எந்தக் கலப்பியிலும் இல்லை.

கம்பிகள் வரிசை மாறியிருப்பதும் உண்டு. இவ் வெந்திரத்தில் தீப்பற்றும் முறை 1, 3, 4, 2. ஒரு மாணவன் கம்பிகளைக் கழற்றித் துடைத்து, 1, 2, 3, 4 என்றே எண்ணி மாட்டிவிட்டால் எந்திரம் இருமும், வெடிக்கும். அதற்கும் கலப்பியையே பிரித்துப்போட்ட பட்டறையை நான் கண்டதுண்டு.

இனி, காற்றுக்கசிவு. இங்கு 'பி' வரிசை எந்திரத்தின் அமைப்பு ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். நான்கு உருளைக்கும் நான்கு உறிஞ்சுவாய்கள் இல்லை; இரண்டே உண்டு. முதலிரண்டு உருளைக்கு ஒன்று, பின்னிரண்டு உருளைக்கு ஒன்று. புகை வெளியேறும் வாய்கள் மூன்று. நடுவிலுள்ளது இரண்டாம் மூன்றாம் உருளைகளுக்குப் பொது. ஆகவே உறிஞ்சுகுழாய் எந்திரத்தலையோடு பொருந்தும் இடத்தில் அடைப்புத்தகடு கிழிந்தால், ஓர் உருளையன்று, அடுத்தடுத்த இரண்டு உருளைகள் ஒருங்கே நலியும். எந்திரத்தலையின் அடைப்புத்தகடு இரண்டு உருளைகளுக்கிடையே எரிந்துபோனாலும் அடுத்தடுத்த இரண்டு உருளைகளே நலியும். இரண்டையும் பிரித்தறிவது எப்படி? அழுத்தமானியை வைத்துப் பாருங்கள். தலைத்தகடு போயிருந்தால் அவ்விரண்டிலும் அழுத்தம் வீழ்ந்திருக்கும். உறிஞ்சுகுழாய்த் தகடு போயிருந்தால் அழுத்தம் நன்றாகவே இருக்கும். கால் மணிநேர வேலை இது. இதனைச் செய்யாமல் எந்திரத்தலையைக் கழற்றி உடையவரைக் கடனாளி ஆக்குவோரும் உளர். செய்யாமலே கலப்பியை மாற்றுவோர் அவரினும் பலர்.

எனக்குத் தெரிந்த பணியோய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் வண்டிக்கு ஈராண்டில் இரண்டு கலப்பிகள் மாற்றப்பட்டன. ஒவ்வொரு முறையும் கலவையில் கன்னெய்யை மிகுத்து வைத்துக் குலுக்கத்தை மறைத்திருக்கின்றனர். நான்கு செருகிகளும் கரியப்பிக் கிடந்தன. புகைக்குழாயின் வாய் அடுப்பங்கரைச் சுவர்போல் இருந்தது. இறுதியில் ஒருவர் சவர்க்கார நீரை உறிஞ்சுகுழாயின் பொருத்துவாய் நெடுகத் தெளித்துப் பார்த்தார். முதல் உருளைகளின் பக்கத்தில் நுரை உள்ளே இழுபட்டது. ஓட்டமும் அந்நொடியே மாறியது. மாற்றவேண்டியிருந்தது ஓர் அடைப்புத்தகடு மட்டுமே. புதிய தகட்டைப் பொருத்தி, எந்திரம் சூடேறி ஆறியபின் மரைகளை மறுமுறை இறுக்கியதும் நோய் ஒழிந்தது. இதே ஆய்வைக் கன்னெய்யைத் தெளித்துச் செய்வாரும் உளர். சூடான புகைக்குழாய் அதே பக்கத்தில், அதே பொருத்துவாயை ஒட்டியே கிடக்கின்றது என்பதை நினைத்துப் பார்த்தால் உடல் நடுங்கும். வண்டியோடு கொட்டகையும் எரிய வேண்டுமா? சவர்க்கார நீர் போதும்.

மூன்றாவது, அழுத்தம். நான்கு செருகிகளையும் கழற்றிவிட்டு, காற்றுவாயிலை முழுதும் திறந்துவைத்து, ஒவ்வோர் உருளையாக அளந்து எழுதுக. எண்கள் ஏறத்தாழ ஒத்திருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் பத்து விழுக்காட்டினும் மிகுதியாய்க் குறைந்திருந்தால் அவ்வுருளைக்குள் ஒரு கரண்டி எந்திரநெய் விட்டு மீண்டும் அளக்க. எண் ஏறினால் வளையங்கள் தேய்ந்தன. ஏறாவிடின் வால்வு எனப்படும் அடைப்பிதழ் சரியாக மூடவில்லை.

அடைப்பிதழைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். ஏனெனில் இவ் வெந்திரங்களில் இன்று காணும் குலுக்கத்திற்கு அஃது ஒரு பெருங்கரணியம். நம் நாட்டில் ஈயங்கலந்த கன்னெய் 2000-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. மக்கள் நலத்திற்கு அது நன்றே. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. ஆனால் 'பி' வரிசையின் பழைய வார்ப்பிரும்புத் தலையில் இதழின் இருக்கை தனி வளையமன்று, தலையிலேயே கடைந்தது. ஈயம் அவ்விருக்கைக்கு ஒரு மெத்தைபோல் இருந்தது. அது போனபின், புகை வெளியேறும் இதழ்கள் தம் இருக்கையைச் சிறிது சிறிதாய்த் தின்று தலைக்குள் இறங்குகின்றன. இறங்க இறங்க, மேலே விட்டுவைத்த இடைவெளி குறைந்து, ஒருநாள் இல்லாமற் போகும். அப்போது இதழ் முழுதும் மூடாது, உருளையின் அழுத்தம் ஒழுகும், இதழும் எரியும். கேட்பவர்க்கோ எந்திரம் முன்னினும் ஓசையின்றி ஓடுவதாகத் தோன்றும்! "டேப்பட்டு ஓசையே இல்லை, எவ்வளவு நன்றாய் இருக்கிறது" என்று மகிழ்ந்தவர்களை நான் அறிவேன். பழைய எந்திரத்தில் மெல்லிய டிக்டிக் ஓசை உடல்நலத்தின் அறிகுறி. திடீர் அமைதிக்கே அஞ்ச வேண்டும்.

இடைவெளியைச் சரிசெய்ய எளிய கணக்கு ஒன்றுண்டு. இதழ்கள் எட்டு. முன்னிருந்து பின்னாக எண்ணுக. எட்டாம் இதழ் முழுதும் திறந்து நிற்கும்போது முதலாம் இதழைச் சரிசெய்க. ஆறாவது திறந்து நிற்கையில் மூன்றாவது. ஏழாவது திறந்து நிற்கையில் இரண்டாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பள்ளி மாணவன் ஒருமுறை கேட்டால் மறவான். இதனைப் பட்டறை மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்க எத்தனை ஆசான்மார் இன்று முன்வருகின்றனர்?

இவ்வளவும் சரியாக இருந்தாலன்றோ கலப்பியின் முறை வருவது! எல்லாம் சரியாக இருந்தும் குலுங்குமாயின், அப்போது அதனைத் தொடுக, தொடவும் வேண்டும். ஏனெனில் இப்போது உண்மையாகவே கலவை மாறியிருக்கின்றது. எத்தனால் என்னும் எரிசாராயம் 20 விழுக்காடு சேர்ந்த கன்னெய் 2023 பிப்பிரவரியில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாட்டின் பெரும்பாலான நிலையங்களில் அதுவே கிடைப்பதாயிற்று. தூய கன்னெய் ஒரு பங்கு எரிவதற்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எரிசாராயத்திற்கு 9 பங்கே போதும். ஆகவே, பழைய கன்னெய்க்கு அளந்து வைத்த கலப்பி, இக்கலவையைத் தரும்போது காற்று ஏழெட்டு விழுக்காடு மிஞ்சிவிடும். மெலிந்த கலவை நின்றோட்டத்தில் தடுமாறும், சூட்டையும் ஏற்றும். எரிசாராயம் பழைய இரப்பர்க் குழாய்களையும் இளக்கும். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியின் தொட்டியில் நீரை ஈர்த்துக் கீழே படியவைக்கும். குழாயை மாற்றாமல், தொட்டியை வடிக்காமல், திருகாணியைமட்டும் திருப்பினால் என்ன பயன்?

அம்பாசிடரில் எசு.யு. வகைக் கலப்பியும் உண்டு, சோலெக்சு வகையும் உண்டு. எசு.யு. வகையில் ஓர் அருமையான சோதனை அமைந்துள்ளது. எந்திரம் சூடேறி ஓடிக்கொண்டிருக்கையில், அதன் உள்ளே ஏறியிறங்கும் உந்தியை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக மட்டும் மெல்ல உயர்த்துக. ஓட்டம் விரைந்து, விரைந்தபடியே நின்றால் கன்னெய் மிகுதி. உடனே தளர்ந்து அணையப் பார்த்தால் கன்னெய் குறைவு. நொடிப்பொழுது சற்றே விரைந்து பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. அடியிலுள்ள ஆறுமுக மரையை ஒவ்வொரு முகமாகத் திருப்புக: மேலேற்றினால் கலவை மெலியும், கீழிறக்கினால் செறியும். தலைப்பக்கத்து மூடியைத் திறந்து நெய் ஊற்றிவிட்டு நின்றோட்டம் சரியாகும் என்று காத்திருப்போரும் உண்டு. அந்நெய் முடுக்கும்போதைய விக்கலுக்கு உதவுவதே தவிர நின்றோட்டத்திற்கு உதவுவதன்று. காற்றுவாயில் இதழின் தண்டு தேய்ந்து ஆடினால்மட்டும் கலப்பியே குற்றவாளி; அவ் வழியே காற்று நுழையும். அதற்கும் மருந்து திருகாணி அன்று, புதுத்தண்டும் புதுக்குழலுமே.

நின்றோட்டத்தை மட்டும் உயர்த்திவைத்து அனுப்புவதால் என்ன கேடு என்பாரும் உளர். சாவியைத் திருப்பி அணைத்த பின்னும் எந்திரம் தானே சிறிதுநேரம் வெடித்தோடும். பல்லிணை மாற்றும்போது உறுமும். நெரிசலில் நிற்கையில் கொதிக்கும். கன்னெய்ச் செலவு கூடும். விரைவு கூடியதால் தீப்பற்றும் நேரமும் தானே முற்பட்டுவிடுமாகலின், அந்நிலையில் வைத்த டைமிங்கும் பொய்யாகும். ஒரு பொய்யைக் காக்க எத்தனை பொய்!

உடையவர் கையிலேயே ஒரு சான்று இருக்கின்றது. அதனை எவரும் படிப்பதில்லை. புகை ஆய்வு நிலையத்தில் தரும் சீட்டு, நின்றோட்டத்தில் அளந்து எழுதியது. 2000 மார்ச்சு 31-க்கு முன் ஆக்கிய கன்னெய் மகிழுந்துகளுக்கு, அரைகுறையாய் எரிந்ததால் வரும் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டையும், எரியாமலே வெளியேறும் ஐதரோகார்பன் பத்து இலக்கத்தில் 1500 பங்கையும் மீறலாகாது என்பது வரம்பு. முதல் எண் மிகுந்திருந்தால் கலவையில் கன்னெய் மிகுதி. முதலது குறைந்து இரண்டாவது மிகுந்திருந்தால், ஏதோ ஓர் உருளையில் கன்னெய் தீப்பற்றாமலே வெளியேறுகின்றது. தீப்பொறியையும் காற்றுக்கசிவையும் தேடுக என்று பொருள். முத்திரை விழுந்ததா என்று மட்டும் பார்த்துச் சீட்டை மடித்து வைத்துவிடுகிறோம். மருத்துவர் எழுதித் தந்த அளவீட்டைப் படியாமல் உறையை மட்டும் பேணுவது போல.

பட்டறையாரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. நாம் உறுப்புக்குப் பணம் கொடுப்போம், ஆய்வுக்குக் கொடுக்கமாட்டோம். ஒருவர் ஒரு மணிநேரம் செவிகொடுத்து, அளந்து, எழுதி, "உம் கலப்பியில் குறையில்லை, பத்து உருபாய்த் தகடுதான் போயிற்று" என்று சொன்னால், "தகட்டின் விலையைமட்டும் பெற்றுக்கொள்ளும்" என்று வாதிடுகிறோம். மற்றொருவர் ஆயிரக்கணக்கில் புதுக்கலப்பியை வாங்கிப் பொருத்தினால் கேள்வியின்றிக் கொடுத்துவிடுகிறோம். அறிவிற்குக் கூலி மறுக்கப்படும் பட்டறையில் மாணவன் எதைக் கற்பான்? கழற்றவும் மாட்டவும் கற்பான், கேட்கக் கற்கமாட்டான். அளந்து சொல்லும் அந்த ஒரு மணிநேரத்திற்குத் தனிக் கூலி கேளுங்கள் என்று பட்டறையாரையும், மறுக்காமற் கொடுங்கள் என்று உடையவரையும் வேண்டுகின்றேன்.

கூலி வாங்கியவர் ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதித் தரட்டும்: செத்த உருளை எது, தொடுமுனையின் இடைவெளி எவ்வளவு, நான்கு உருளைகளின் அழுத்த எண்கள் எவை, காற்றுக்கசிவு தேடப்பட்டதா, கலப்பியின் மரை எத்தனை முகம் எப்பக்கம் திருப்பப்பட்டது. அத்தாளை வண்டியின் கையுறைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். அடுத்த ஆண்டு வேறொருவரிடம் வண்டி சென்றாலும், அவர் திருப்புளியை எடுக்குமுன் அதனை அவர் கையில் கொடுங்கள்.